மெழுகுத் துணி விற்று நிலம் வாங்கிய ஓவியர்: கே.சி.எஸ். பணிக்கர்



நம்ம மலர்ல வருஷா வருஷம் ஒரு பெரியவங்களோட வாழ்க்கையை எழுதுறோம். இந்த வருஷம் அந்தப் பொறுப்பை எங்க குழுவுக்குக் கொடுத்தாங்க. குழுவில் எல்லாரும் சேர்ந்து என் கையில் கொடுத்துட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். தீர்மான நோட்டு எழுதுற பழக்கம் இருக்கிறதால தைரியமா எழுதுறேன்.

ஒரு ஓவியரைப் பத்தி எழுதப் போறேன்னு சொன்னதும் கூட்டத்துல இரண்டு மூணு பேர் சிரிச்சாங்க. படம் வரையிறவருக்கும் சணல் பை தைக்கிற நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டாங்க. சம்பந்தம் இருக்கு. கைத்தொழில் செஞ்சு, அதை விற்று, வந்த காசில் ஒரு பங்கைப் பொதுவில் சேர்த்து, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, அதில் ஒரு கிராமத்தையே உருவாக்கினார் அவர். இது நடந்தது 1966-ல். நம்ம தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழு தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கினது 1989-ல். அதுக்கு 23 வருஷம் முன்னாடியே, குழு என்கிற பேரே இல்லாம, குழுவோட வேலையைச் செஞ்சு காட்டினவர் அவர்.

இப்போ நம்ம கூட்டமைப்பில் ஒரு பேச்சு ஓடுது. பொது நிதியில் சேர்ந்திருக்கிற பணத்தைத் தீபாவளிக்குப் பங்கு பிரிச்சுக்கலாமா, இல்ல சொந்தமா ஒரு இடம் வாங்கித் தையல் கூடம் கட்டலாமா என்பதுதான் அது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு. அந்த முடிவை எடுக்கிறதுக்கு முன்னாடி இவர் கதையை எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ஆசை.

பிழைக்க வந்த ஊர் சென்னை

கே.சி.எஸ். பணிக்கர் 1911-ம் வருஷம் மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பம் மலையாளக் குடும்பம். சின்ன வயசு மலபார் பக்கம் கழிந்தது. இப்போ அது கேரளா. அப்போ மலபார், கோயம்புத்தூர், சென்னை எல்லாம் ஒரே மதராஸ் மாகாணமா இருந்தது. ஆனாலும் பாஷை வேற, சாப்பாடு வேற, பழக்க வழக்கம் வேற. வேலைக்கும் படிப்புக்கும் அங்கிருந்து சென்னைக்கு வந்தவங்க ஏராளம். அப்படி வந்தவர்களில் இவரும் ஒருத்தர்.

சின்ன வயசிலேயே படம் வரைவார். கால்வாய், தென்னை மரம், ஓடம், மழைக்காலத்துப் பச்சை என்று கண்ணால் பார்த்த ஊரையே தண்ணி வர்ணத்தில் வரைவார். பதினேழு பதினெட்டு வயசிலேயே அவருடைய படங்கள் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அந்த வயசுப் பையனுக்கு அது பெரிய விஷயம்.

ஆனா வீட்டு நிலைமை வேறு மாதிரி ஆச்சு. அப்பா இறந்துட்டார். குடும்பப் பாரம் இவர் தலையில் விழுந்தது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுட்டுத் தந்தித் துறையில் வேலைக்குப் போனார். இன்ஷூரன்ஸ் வேலையும் பார்த்தார். படம் வரையிற கை தந்தி வேலை பார்த்தது. இப்படிச் சில வருஷம் ஓடியது.

நம்மில் எத்தனை பேருக்கு இதே கதை! நல்லாப் படிச்ச பொண்ணு, வீட்டு நிலைமையால நின்னுட்டா என்று எத்தனை பேரைச் சொல்றோம். பெரும்பாலும் அங்கேயே கதை முடிஞ்சிடும். பணிக்கர் முடிய விடலை. 1936-ல், அப்போ அவருக்கு இருபத்தஞ்சு வயசு, சென்னை அரசு கலைத்தொழில் பள்ளியில் மாணவரா போய்ச் சேர்ந்தார். சம்பளம் வாங்கிப் பழகின மனுஷன் தன்னைவிடச் சின்னப் பசங்களோட உட்கார்ந்து மறுபடியும் முதலில் இருந்து படிச்சார்.

பெரியமேடு பள்ளிக்கூடம்

அந்தப் பள்ளி இப்பவும் இருக்கு. எழும்பூருக்குப் பக்கத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சிவப்புக் கட்டடம். இன்னைக்கு அதுக்கு அரசு கவின் கலைக் கல்லூரின்னு பேர். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கினது. இந்தியாவிலேயே இந்த மாதிரிப் பள்ளிகளில் முதலாவது. தொடக்கத்தில் அங்கே ஓவியத்தைவிடத் தொழில்தான் பெரிசு. மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை, நகை வேலை எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க.

பணிக்கர் சேர்ந்தப்போ அங்கே தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவரும் வெளியூர்க்காரர்தான். வங்காளத்தில் இருந்து 1929-ல் சென்னைக்கு வந்து, அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். மெரினா கடற்கரையில் நாலு பேர் பாறையைப் புரட்டுகிற உழைப்பாளர் சிலை இருக்கே, அதைச் செஞ்சவர் அவர்தான். நாம எல்லாரும் அந்தச் சிலை முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருப்போம். செஞ்சவர் பேர் நமக்குத் தெரியாது. இந்த வங்காளத்துக்காரர்தான் மலபார்க்காரருக்கு குரு. வந்தவங்களை எல்லாம் வாழ வைக்கிற ஊர் சென்னைன்னு சும்மாவா சொல்றாங்க.

1940-ல் படிப்பை முடிச்சார். அடுத்த வருஷமே அதே பள்ளியில் ஆசிரியர் ஆனார். 1955-ல் துணை முதல்வர். 1957-ல் ராய் சௌத்ரிக்குப் பிறகு முதல்வர். தந்தி ஆபீஸ் வேலையில் இருந்து இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

ஆசிரியரா இருக்கும்போதே 1944-ல் ஒரு சங்கம் தொடங்கினார். முற்போக்கு ஓவியர் சங்கம்னு பேர். அந்தக் காலத்தில் சென்னையில் பாட்டுக் கச்சேரிக்குச் சபா உண்டு, நாட்டியத்துக்குச் சபா உண்டு. மைலாப்பூர்ல மார்கழி மாசம் போனா காது நிறைய கச்சேரி. ஆனா புதுசா படம் வரையிறவங்களுக்கு ஆதரவு ரொம்பக் குறைவு. தனித்தனியா நின்னா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, சேர்ந்து நின்னாத்தான் கண்காட்சி வைக்க முடியும் என்று இளம் ஓவியர்களைக் கூட்டினார். சேர்ந்து கண்காட்சி நடத்தினாங்க. பின்னாடி 1966-ல் வந்ததுக்கு விதை இங்கேயே விழுந்துடுச்சு.

ஜாதகக் கட்டமும் ஓவியம் ஆன கதை

1954-ல் பணிக்கர் ஐரோப்பா போனார். லண்டனிலும் பாரிஸிலும் அவர் படங்களைக் கண்காட்சியா வைத்தார். அங்கே பெரிய பெரிய ஓவியர்களின் படங்களை நேரில் பார்த்தார். பார்த்துட்டு வந்தவர் அவர்களை மாதிரியே வரையலை. நம்ம ஊர் ஓவியம்னா அது எப்படி இருக்கணும் என்கிற கேள்வியோடு திரும்பி வந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க அவருக்கு ஒன்பது வருஷம் ஆச்சு.

1963 வாக்கில் ஒரு மாணவனுடைய கணக்கு நோட்டின் பக்கம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. எண்களும் எழுத்துகளும் கோடுகளும் கட்டங்களுமா நிறைஞ்ச பக்கம். மற்றவங்களுக்கு அது வெறும் கணக்கு. அவருக்கு அது ஓவியமா தெரிஞ்சது. அதுக்குப் பிறகுதான் அவருக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்த ஓவிய வரிசை வந்தது. சொற்களும் குறியீடுகளும் என்று அதைச் சொல்றாங்க. அந்தப் படங்களில் ஜாதகக் கட்டம் இருக்கும். மலையாள எழுத்து மாதிரி வரிவரியா எழுத்து இருக்கும். ஆனா படிச்சா ஒண்ணும் வராது, பார்க்கத்தான் முடியும். நடுவில் மீன், பாம்பு, பறவை மாதிரி உருவங்கள் வரும். மஞ்சள், வெள்ளை, பழுப்பு என்று பழைய ஓலைச்சுவடியைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

இந்த மாதிரிப் படத்தை நான் முதலில் பார்த்தப்போ பக்கத்தில் நின்ன எங்க குழு அக்கா, இது பஞ்சாங்கம் மாதிரி இருக்கேன்னு சொன்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க. நம்ம வீட்டு அலமாரியில் மஞ்சள் தடவி வெச்சிருக்கிற ஜாதக நோட்டையும், வாசல்ல போடுற புள்ளிக் கோலத்தையும், கோயில்ல தகட்டுல எழுதித் தர்ற எந்திரத்தையும் கண்ணுல வெச்சுக்கிட்டுப் பார்த்தா அந்தப் படம் அந்நியமா தெரியாது. வெளிநாட்டைப் போய்ப் பார்த்துட்டு வந்த மனுஷன் கடைசியில் தேடி எடுத்தது நம்ம வீட்டு அலமாரியில் இருக்கிறதைத்தான்.

படிச்சு முடிச்சா பிழைப்புக்கு என்ன வழி?

இப்போ நமக்கு வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

பணிக்கர் முதல்வரா இருந்தப்போ வருஷா வருஷம் நல்ல திறமையான பிள்ளைங்க படிச்சு வெளியே போனாங்க. தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, கர்நாடகா என்று எல்லாப் பக்கத்தில் இருந்தும் வந்த பிள்ளைங்க. பெரும்பாலும் வசதி இல்லாத வீடு. போனபிறகு என்ன ஆகும்? அப்போ சென்னையில் ஓவியம் வாங்குறவங்க விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். சில பேர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார் ஆனாங்க. சில பேர் துணிக்கு டிசைன் போடும் வேலைக்குப் போனாங்க. சில பேர் விளம்பரக் கம்பெனிக்குப் போனாங்க. வேலைக்குப் போறது தப்பில்லை. ஆனா நாள் முழுக்க அடுத்தவருக்கு வரைஞ்சுட்டு வந்தா சொந்தமா வரைய நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது. கொஞ்ச வருஷத்தில் கையே மறந்துடும்.

அரசாங்கச் சம்பளம் வாங்கும் முதல்வர் இதைப் பார்த்துட்டுச் சும்மா இருந்திருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. அவர் தன் மாணவர்களையும் கூட இருந்த ஓவியர்களையும் உட்கார வெச்சுப் பேசினார். ஓவியம் விற்கலைன்னா, விற்கிற பொருளைக் கையால் செய்வோம். அதில் வயிற்றுப்பாட்டைப் பார்த்துப்போம். மிச்ச நேரத்தில் யாருக்கும் பயப்படாம அவங்கவங்க ஓவியத்தை வரைவோம். இதுதான் அவர்களுடைய திட்டம்.

அவங்க எடுத்துக்கிட்ட பொருளில் முக்கியமானது பாத்திக் துணி. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். வெள்ளைத் துணியில் சூடான மெழுகால் படம் வரையணும். பிறகு துணியைச் சாயத்தில் முக்கணும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது, மற்ற இடத்தில் ஏறும். காய்ந்ததும் வேறு இடத்தில் மெழுகு வைத்து அதைவிட அடர்த்தியான சாயத்தில் முக்கணும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிக்கணும். கடைசியில் கொதிக்கிற தண்ணியில் போட்டா மெழுகு உருகிப் போயிடும். மெழுகு விரிசல் விட்ட இடத்தில் சாயம் மெல்லிசா இறங்கி, நரம்பு ஓடின மாதிரி கோடு கோடா நிற்கும். அந்த விரிசல்தான் பாத்திக் துணிக்கு அழகு. அச்சு மெஷினில் அடிச்ச துணியில் அது வராது.

பாத்திக் மட்டும் இல்ல. உலோகத் தகடு, தோல், மரம், மண் என்று அவங்கவங்களுக்குக் கை வந்ததைச் செஞ்சாங்க. பெரிய ஓவியர்னு பேர் எடுத்தவங்களும் இதைக் கேவலமா நினைக்கலை. கண்காட்சி வெச்சாங்க, பொருள் நல்லா விற்றது. ஓவியத்தை வாங்கப் பயந்தவங்க கூட துணியை வாங்கினாங்க.

இங்கேதான் நாம கவனிக்கணும். கையில் காசு வந்ததும் அவங்க என்ன செய்தாங்க? முழுசையும் பிரிச்சுக்கலை. ஓவியர் கைவினைச் சங்கம்னு ஒரு சங்கத்தை வெச்சாங்க. பொருள் விற்றால் செய்தவருக்கு அவர் பங்கு, சங்கத்துக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கு சேர்ந்து சேர்ந்து, 1966-ல் சென்னைக்குத் தெற்கே கடலோரமா ஈஞ்சம்பாக்கத்தில் பத்து ஏக்கர் அளவுக்கு நிலம் வாங்கினாங்க. முப்பது நாற்பது ஓவியர்கள், சிற்பிகள் சேர்ந்த அந்த இடத்துக்குச் சோழமண்டலம் ஓவியர் கிராமம்னு பேர் வெச்சாங்க. நம்ம கிழக்குக் கடற்கரைக்குப் பழைய பேர் சோழமண்டலக் கரை. அந்தப் பேரையே எடுத்துக்கிட்டாங்க.

மணலில் எழுந்த ஊர்

இன்னைக்கு அடையாறு தாண்டி திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம்னு பஸ்ஸில் போனா இடைவெளியே இல்லாம கடையும் பங்களாவுமா இருக்கு. 1966-ல் அடையாறே ஊர் ஓரம். ஈஞ்சம்பாக்கம் மீன்பிடி கிராமம். மணலும் சவுக்கும்தான். தொடக்கத்தில் அங்கே கரண்டு கூட இல்லை. ஓலைக் குடிசை போட்டுத்தான் குடியேறினாங்க. பட்டணத்தில் வேலை பார்த்த படிச்ச பிள்ளைங்க இப்படிக் காட்டுல போய் உட்காருறாங்களேன்னு பார்த்தவங்க பேசியிருப்பாங்க.

நிலத்தை அவர்கள் பிரித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வீடு கட்ட அவங்கவங்களுக்குத் தனித்தனி மனை. கண்காட்சிக் கூடம், வேலைக் கூடம் மாதிரியானவை பொது. வீட்டுக்கு உள்ளே நீ ராஜா, வெளியே நாம எல்லாரும் சேர்ந்து. பாரதி பேரில் ஒரு திறந்தவெளி அரங்கமும் பிறகு வந்தது. அங்கே நாடகமும் கவிதையும் நடந்தது.

சுல்தான் அலி, வாசுதேவ், ஹரிதாசன், சேனாதிபதி, கோபிநாத், விஸ்வநாதன், பணிக்கருடைய மகன் நந்தகோபால் என்று அந்த ஊரில் இருந்து பேர் எடுத்தவங்க பல பேர். பெண்களும் இருந்தாங்க. அனிலா ஜேக்கப் சிற்பி. அர்னவாஸ் ஓவியர். அந்தக் காலத்தில் ஒரு பெண் சுத்தியலும் உளியும் எடுத்துச் சிற்பம் செய்றதுன்னா வீட்டிலும் தெருவிலும் எத்தனை பேச்சு கேட்டிருக்கணும்! நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பணிக்கரிடம் கல்லூரியில் படிச்ச இன்னொரு பெண் டி.கே. பத்மினி. மலபாரில் பொன்னானிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து சென்னைக்கு வந்து படிச்சவர். பெண்களை, அவங்க தனிமையை, மனசில் இருக்கிறதை வரைஞ்சார். 1969-ல் பிரசவத்தில் இறந்துட்டார். முப்பது வயசு கூட ஆகலை. அவர் வரைந்த படங்கள் இன்னைக்கும் பேசப்படுது. ஒரு பிரசவத்தில் எவ்வளவு போகுது என்பதை நினைச்சா எழுதுற கை நின்னுடுது.

எல்லாம் நல்லாவே நடந்ததுன்னு எழுதிட்டா அது பொய்யாயிடும். நம்ம குழுக்களில் சண்டை வர்ற மாதிரி, ஆள் விலகுற மாதிரி, அங்கேயும் சில பேர் விலகி வேறு ஊர்களுக்குப் போனாங்க, சில பேர் வெளிநாடு போனாங்க. மனசை ரொம்ப வருத்தினது ராமானுஜம் என்ற ஓவியர் கதை. அவருக்குப் பேச்சு சரியா வராது. மற்றவர்களோட கலந்து பழக ரொம்பக் கஷ்டப்படுவார். அவருக்குள்ள இருந்த திறமையைப் பணிக்கர் கண்டுபிடிச்சு, கல்லூரியில் சேர்த்து, கிராமத்திலும் இடம் கொடுத்தார். மாளிகையும் தேவதையும் விலங்குகளும் பறக்கிற மாதிரி மாய உலகத்தை வரைஞ்சார் ராமானுஜம். ஆனா 1973-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கிட்டார். முப்பது வயசு கொஞ்சம் தாண்டியிருந்தது.

சேர்ந்து இருந்தா எல்லாரையும் காப்பாத்திடலாம்னு நினைக்கிறோம். எல்லாரையும் முடியாது போல. கூட்டத்துக்கு வந்து மூலையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுட்டுப் பேசாம போற உறுப்பினர் ஒவ்வொரு குழுவிலும் ஒருத்தர் இருப்பாங்க. கடன் தவணை வந்துச்சான்னு மட்டும் பார்க்காம, அவங்க முகத்தையும் ஒரு தரம் பார்க்கணும்னு எனக்குத் தோணுச்சு.

அவர் போன பிறகும்

பணிக்கர் 1967-ல் கல்லூரி வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். அதுக்குப் பிறகு சோழமண்டலமும் ஓவியமும்தான். 1976-ல் லலித் கலா அகாடமி தன்னுடைய உயர்ந்த கௌரவமான பெல்லோஷிப்பைக் கொடுத்தது. 1977 ஜனவரியில் சென்னையில் காலமானார். வயசு 65. திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் அவர் படங்களுக்கென்றே ஒரு கூடம் 1979-ல் திறந்தாங்க. சோழமண்டலத்திலும் அவர் பேரில் அருங்காட்சியகம் இருக்கு.

ஆனா எனக்குப் பெரிசா தெரியறது இது எதுவும் இல்ல. தலைவர் போன பிறகும் அந்த ஊர் கலையலை. அவர் இறந்து இத்தனை வருஷம் ஆகியும் அங்கே ஓவியர்கள் குடியிருக்காங்க, கூடத்தில் படமும் சிற்பமும் விற்பனைக்கு இருக்கு, சங்கம் நடக்குது. எத்தனையோ நல்ல குழுக்கள் ஊக்குநர் மாறினா, தலைவி வேற ஊருக்குப் போனா, இரண்டே வருஷத்தில் கலைஞ்சு போறதை நாம கண்ணால பார்த்திருக்கோம். இது ஏன் கலையலை?

எனக்குத் தெரிஞ்சு மூணு காரணம். முதலாவது, நிலம் சங்கத்துப் பணத்தில் வாங்கினது. யாரோ இரக்கப்பட்டு விட்ட இடமா இருந்தா, கொடுத்தவர் மனசு மாறினா காலி பண்ணணும். இரண்டாவது, விற்பனையில் ஒரு பங்கு பொதுவுக்கு என்ற விதி. கூடத்துக்கு விளக்குப் போடவும் கூரை மாத்தவும் யார்கிட்டயும் கை நீட்ட வேண்டியதில்லை. மூணாவது, அவங்க ஒருத்தரை ஒருத்தர் மாதிரி ஆக்கப் பார்க்கலை. துணிக்கு மெழுகு வைக்கும்போது சேர்ந்து வேலை, ஓவியம் வரையும்போது அவங்கவங்க இஷ்டம். அதனாலதான் சுல்தான் அலி படமும் ஹரிதாசன் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது.

நம்ம கணக்கு

எங்க குழுவில் பன்னிரண்டு பேர். சணல் பை தைக்கிறோம். கொலு சமயத்தில் மைலாப்பூர் மாட வீதியில் தாம்பூலப் பை விற்கப் போனோம். தி. நகரில் ஒரு மொத்த வியாபாரிகிட்ட மாதிரி காட்டினப்போ, அவர் சொன்ன விலை எங்க நூலுக்கும் சணலுக்குமே கட்டுப்படியாகலை. இடம் வாடகை, மெஷின் ஒருத்தர் வீட்டுத் திண்ணையில், மழை வந்தா வேலை நிக்கும். வீட்டுக்காரர் வாடகையை ஏத்தினா விலையை நாம ஏத்த முடியாது. அவசரத்துக்கு வியாபாரி சொல்ற விலைக்கே கொடுத்துட்டு வரணும். சொந்த இடம் இல்லாதவங்களுக்கு விலை பேச வாய் வராது. இது எங்க அனுபவம்.

தீபாவளிக்குப் பங்கு பிரிச்சா ஒவ்வொரு வீட்டுக்கும் துணிமணி வரும், பட்டாசு வரும், கொஞ்சம் கடன் அடையும். அதை வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரலை. பள்ளிக்கூட பீஸ் கட்டணும்னு காத்திருக்கிற சகோதரிக்கு, பத்து வருஷம் கழிச்சு வரப்போற கூடத்தைக் காட்டி என்ன பிரயோஜனம்? அதனால் அவசரத் தேவை இருக்கிறவங்களுக்கு உள்கடன் கொடுக்க ஒரு பகுதியை எடுத்து வெச்சுட்டு, மீதியை நிலத்துக்குன்னு தனிக் கணக்கில் போடலாம். எவ்வளவு என்பதைப் பொதுக்குழு முடிவு பண்ணட்டும். ஆனா அந்தக் கணக்கில் கை வைக்கிறதில்லைன்னு தீர்மானம் எழுதணும்.

அந்த ஓவியர்களும் வசதியா இருந்து நிலம் வாங்கினவங்க இல்ல. பாதிப் பேருக்கு நிரந்தர வேலை கிடையாது. துணி விற்ற காசை அன்னைக்கே பிரிச்சுக்கிட்டிருந்தா கொஞ்ச நாள் நல்லாச் சாப்பிட்டிருப்பாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஆபீஸுக்கு வேலை தேடிப் போயிருப்பாங்க. அன்னைக்கு யாரும் எட்டிப் பார்க்காத மணல்காடு அது. இன்னைக்கு அந்தச் சாலையில் ஒரு சென்ட் வாங்க நம்மால் நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது. நாம பார்த்து வெச்சிருக்கிற இடமும் இன்னைக்கு முள்ளுக்காடுதான், பஸ் நிக்கிற இடத்தில் இருந்து நடக்கணும்தான்.

அடுத்த மாசம் பொதுக்குழு கூடுது. எல்லாக் குழுவில் இருந்தும் பிரதிநிதிகள் மட்டும் இல்லாம, முடிஞ்ச உறுப்பினர்கள் எல்லாரும் வந்து கலந்துக்கணும்னு கேட்டுக்கிறேன். பங்கு பிரிக்கணும்னு நினைக்கிறவங்களும் வந்து பேசணும். ஒருத்தர் சொல்றதை ஒருத்தர் கேட்டு எடுக்கிற முடிவுதான் நிற்கும்.

 சென்னைப் பக்கம் போறவங்க ஒரு நாள் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கி, பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு அந்தக் கிராமத்தைப் பார்த்துட்டு வாங்க.